படுத்தானா, பொய் சொன்னானா?

காய்ச்சலில் கிடந்த மாணவன் விடுப்புக் கடிதம் எழுதுகிறான். "நேற்று முழுவதும் படுக்கையில் கிடந்தேன்" என்று ஆங்கிலத்தில் சொல்ல நினைத்து 'லைடு' என்று போட்டுவிட்டால் போச்சு! 'படுக்கையில் பொய் சொன்னேன்' என்று அவனே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஆங்கிலத்தில் 'லை' என்று இரண்டு வினைச்சொற்கள் உண்டு. எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று. பொய் சொல்வது என்றால் லை, லைடு, லைடு. படுப்பது, கிடப்பது என்றால் லை, லே, லெய்ன்.

குழப்பம் இதோடு முடியவில்லை. 'லே' என்று தனியாக இன்னொரு வினையும் இருக்கிறது. அதற்குக் கிடத்து, வை என்று பொருள். அது லே, லெய்டு, லெய்டு என்று மாறும். செங்கல் பதித்தாலும், கோழி முட்டை இட்டாலும் இந்தச் சொல்தான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இங்கே தடுமாறுகிறார்கள்.

தமிழ் மாணவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பள்ளியில் படித்த தன்வினை, பிறவினை ஞாபகம் இருக்கிறதா? கிட, கிடத்து. அதே உறவுதான் லை, லே. ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட பழைய ஜோடிகள் இன்னும் சில மிஞ்சியிருக்கின்றன. விழுவதற்கு 'ஃபால்', மரத்தை வீழ்த்துவதற்கு 'ஃபெல்'. எழுவதற்கு 'ரைஸ்', எழுப்புவதற்கு 'ரெய்ஸ்'.

எழுதும் முன் "எதை?" என்று கேட்டுப் பார்த்தால் போதும். பதில் இருந்தால் லே, இல்லாவிட்டால் லை. காய்ச்சல்காரன் எதையும் கிடத்தவில்லை, தானே கிடந்தான். ஆகவே அவனுடைய வினை லை. நடந்தது நேற்று என்பதால் கடிதத்தில் வர வேண்டியது அதன் இறந்தகாலமான லே. அப்படி எழுதினால் காய்ச்சலும் உண்மை, கடிதமும் உண்மை.