மஞ்சள் விளக்கு எரிந்தால் முதலில் என்ன செய்வது?

ஓட்டுநர் முன்னால் இயந்திர வடிவில் எரியும் அந்த மஞ்சள் விளக்கைக் கண்டு பதறாத கார்க்காரர் சிங்கப்பூரில் குறைவு. பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகாவிட்டால்கூடச் சில கார்களில் அது எரியும். ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் கோளாறுக்கும் அதே விளக்குதான். எதற்காக எரிகிறது என்பதை மட்டும் அது சொல்லாது.

எங்கள் காருக்கு எட்டு வயது. சிறிய கார்களுக்கான வாகன உரிமைச் சான்றிதழே 2023ல் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிய ஊரில், பத்தாண்டு முடியும்வரை இதையே ஓட்டுவது என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். பக்கவாதத்திலிருந்து தேறிவரும் அப்பாவை சிராங்கூனிலிருந்து வாரம் இருமுறை டான் டோக் செங் மருத்துவமனைக்கு உடற்பயிற்சி சிகிச்சைக்கு அழைத்துச் செல்வதும் இதே காரில்தான். கார் இரண்டு நாள் பட்டறையில் நின்றால் வீட்டு அட்டவணையே குலைந்துவிடும். அதனால்தான் கோளாறு கண்டறியும் ஸ்கேனர் ஒன்றை வாங்கினேன்.

இது புதிய தொழில்நுட்பம் அல்ல. அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் ‘ஓபிடி’ என்ற பொது ஏற்பாடு கட்டாயம். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் இடத்தில் 16 முனைகள் கொண்ட சொருகி இருக்கும். ஸ்கேனரை அதில் செருகினால், காரின் கணினி பதிவு செய்துள்ள கோளாறுக் குறியீட்டைப் படித்துக் காட்டும்.

வீட்டுக்கு இரண்டு வகை போதும். ஒன்று, கட்டைவிரல் அளவுள்ள புளூடூத் கருவி. கைப்பேசிச் செயலியோடு இணைத்துப் பார்க்கலாம், விலை குறைவு. ஆனால் பழைய வகைப் புளூடூத் கருவிகள் ஐபோனோடு சேராது. ஐபோன்காரர்கள் வைஃபை அல்லது ‘புளூடூத் எல்இ’ உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். மற்றொன்று, சொந்தத் திரையோடு வரும் கையடக்கக் கருவி. கைப்பேசி, செயலி என்ற தொல்லை இல்லை. வீட்டில் யாரும் பயன்படுத்தலாம். நான் இதைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

எதை வாங்கினாலும் மூன்று வசதிகளைப் பாருங்கள். குறியீட்டோடு அதன் விளக்கமும் திரையில் வர வேண்டும். கோளாறு பதிவான நொடியில் வேகம், இயந்திர வெப்பம் என்னவாக இருந்தன என்பதைக் காட்ட வேண்டும். இயந்திரம் ஓடும்போதே அளவுகளைக் காட்ட வேண்டும். ஏர்பேக், பிரேக் கோளாறுகளைச் சாதாரணக் கருவிகள் பெரும்பாலும் படிக்காது. அவை வேண்டுமென்றால் உங்கள் கார் ரகத்துக்குப் பொருந்துமா என்று கேட்ட பிறகே கூடுதல் பணம் கொடுங்கள். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பொதுக் கருவியால் அதிகப் பயன் இல்லை.

சென்ற ஆண்டு ஒரு மாலையில் கார் குலுங்கியது, மஞ்சள் விளக்கு மின்னியது. வீவக கார்நிறுத்தத்தில் கருவியைச் செருகினேன். ‘பி0302’ என்று வந்தது: இரண்டாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை. விளக்கு நிலையாக எரிவது வேறு, மின்னுவது வேறு. மின்னும்போது தொடர்ந்து ஓட்டினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். மறுநாள் அப்பாவை டாக்சியில் அழைத்துப் போனேன். காரை இழுவை வண்டியில் பட்டறைக்கு அனுப்பினேன்.

பட்டறை அங்கிளிடம் குறியீட்டைக் காட்டினேன். அவர் இரண்டாம் சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டினார். இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்த்தபோது ‘பி0303’ வந்தது. கோளாறு காயிலோடு சேர்ந்தே நகர்ந்ததால், கெட்டது அந்தக் காயில்தான் என்று உறுதியானது. ஒன்றை மட்டும் மாற்றி, அன்று மாலையே கார் வீடு திரும்பியது.

இதில் கவனிக்க வேண்டியது, ‘பி0302’ என்ற குறியீடு காயிலை மாற்றச் சொல்லவில்லை. ஸ்பார்க் பிளக்கும் காரணமாக இருந்திருக்கலாம், இன்ஜெக்டரும் இருந்திருக்கலாம். அதேபோல, பலரைப் பயமுறுத்தும் ‘பி0420’ வந்தவுடன் விலையுயர்ந்த கன்வெர்ட்டரை மாற்றத் தேவையில்லை. ஆக்சிஜன் சென்சார் பழுதாலோ புகைக்குழாய்க் கசிவாலோகூட அது வரும். குறியீடு காட்டுவது நோயின் அறிகுறியை, மருந்தை அல்ல.

‘அழி’ என்ற பொத்தானும் கருவியில் உண்டு. அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். பழுது அப்படியே இருந்தால் விளக்கு மீண்டும் வரும். பழுது பார்ப்பவருக்குத் தேவையான பதிவுகள்தான் போய்விடும். முதலில் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றிவிடுங்கள். செருகியே விட்டால் பேட்டரியை மெல்ல உறிஞ்சும்.

இங்கே மூன்று வயது முதல் பத்து வயதுவரை ஈராண்டுக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் கார்களுக்குச் சோதனை உண்டு. அதற்கு இரண்டு வாரம் முன்பே ஒருமுறை செருகிப் பார்ப்பது நல்லது. ஏதாவது தெரிந்தால் நிதானமாகச் சரிசெய்ய நேரம் இருக்கும்.

இந்தக் கருவி யாரையும் மெக்கானிக் ஆக்காது. “என்னவோ விளக்கு எரியுது, பாருங்க” என்று பட்டறையில் சாவியைக் கொடுப்பதற்கும், “இந்தக் குறியீடு வந்தது, எதை முதலில் சோதிப்பீர்கள்?” என்று கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதற்காகவே இதை வாங்கலாம்.