ஏழு காப்புகள்

ராயகிரிக்கு வந்த புதிதில், ஆலய முற்றத்தில் இளைஞர் சிலம்பம் பழகுவதைத் தடுத்தோம். கம்பெடுத்தால் வம்பு வரும் என்பது நம் அச்சம்.

பின்னர், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரப் படைக்கல அருங்காட்சியகத்திலுள்ள இலத்தீன் கையேடு ஒன்றின் படங்களைக் கண்டோம். ஏறத்தாழ 700 ஆண்டுத் தொன்மையுடையது. ஐரோப்பிய வாட்பயிற்சி நூல்களுள் இன்று கிடைப்பவற்றில் அதுவே மிகப் பழையது. அதிலே மாணவனுக்கு வாளும் சிறு கேடயமும் பழக்குபவர், நம்மைப் போன்ற ஒரு குருவானவர்! வாளேந்தும் எவரும், கலையறியாதோர்கூட, ஏழு காப்பு நிலைகளுக்குள்ளேயே நிற்கின்றனர் என்பது அந்நூல் காட்டும் பொது விதி. எதிரியின் வாளைத் தன் வாளால் அடக்கிய பின்னரே வெட்டு.

"முதலில் காப்பு, பிறகே அடி" என்று நம் ஊர் ஆசான் முற்றத்தில் சொல்லிவந்ததும் இதுவே அன்றோ? அதைச் செவிமடுக்காமல் அன்று கதவைப் பூட்டினோம்.

அவர் வீடு தேடிச் சென்று திறவுகோலை நீட்டினோம்.

"பிள்ளைகள் பிழைப்புக்கு வெளியூர் போய்விட்டார்களே, சாமி" என்றார்.