அடுத்தவர் பிராது

போன மாதம் என் பாண்டிச்சேரிப் பள்ளித் தோழனின் பேரன் வந்திருந்தான். தோழன் 1962-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையோடு கப்பலேறிப் போனவன். பேரனுக்குத் தமிழில் தெரிந்தவை 'தாத்தா', 'போதும்' என்ற இரண்டே வார்த்தைகள். என் பிரெஞ்சோ துருப்பிடித்த பூட்டு. ஆட்டி ஆட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது.

முதல் நாள் பீங்கான் பொம்மைகளும் சூளையும் பார்த்தான். மறுநாள் பழமலைநாதரைத் தரிசித்தோம். மூன்றாம் நாள் காலை, மேற்கே சுமார் 3 கிலோமீட்டரில் இருக்கும் மணவாளநல்லூருக்கு ஆட்டோ பிடித்தோம். கொளஞ்சியப்பரைப் பற்றி நம் பக்கத்து வாசகர்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? உருவம் செதுக்காத கல்லாக நிற்கும் முருகன். அவரிடம் குறையை வெள்ளைத்தாளில் மனுவாக எழுதிக் கொடுக்கலாம். சாமி பாதத்தில் வைத்து எடுத்த அந்தத் தாளைச் சுருட்டி, நூல் சுற்றி, முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிட வேண்டும். அதுதான் பிராது கட்டுவது. காரியம் முடிந்ததும் மறக்காமல் வந்து ராஜினாமா கொடுக்க வேண்டும்.

இந்த ராஜினாமா என்ற சொல்லில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. இப்போது வேலையை விடுவதற்கு மட்டும் அதைச் சொல்கிறோம். பழைய கோர்ட்டுக் காகிதங்களில் அதற்கு வேறு பொருள்: வாதி, 'எனக்குத் திருப்தி, வழக்கு தீர்ந்தது' என்று எழுதிக் கொடுக்கும் பத்திரம். பிராதும் ராஜினாமாவும் பாரசீகத்திலிருந்து கச்சேரி வழியாகத் தமிழுக்கு வந்தவை. கச்சேரிகளே மறந்துவிட்ட பழைய பொருளை இந்தக் கோவில் இன்னும் வைத்திருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் மனுக்களோடு குப்பை கொட்டியவனுக்கு இது பிடிக்காமல் போகுமா?

பையன் வேல் பக்கம் போனதும் கைப்பேசியை எடுத்தான். கொத்துக் கொத்தாகக் கட்டிய காகிதங்கள். ஒரு சுருள் பாதி பிரிந்து தொங்கியது. அதைக் கிட்டத்தில் படம் எடுக்கக் குனிந்தவனின் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் பலமாகவே பிடித்துவிட்டேன் போலிருக்கிறது. திடுக்கிட்டுப் பார்த்தான்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பிரெஞ்சில் சொல்ல முடியவில்லை. இங்கே தமிழில் சொல்கிறேன்.

1991 அல்லது 92 இருக்கும். என் மனைவியோடு அதே இடத்தில் நின்றிருந்தேன். முந்தின வாரம் நல்ல மழை. ஒரு பிராது அறுந்து காலடியில் கிடந்தது. எடுத்துப் பிரித்தேன். காகிதத்தைக் கண்டால் படிப்பது எனக்குக் கைப்பழக்கம். பெயரும் ஊரும் இருந்த மேல் பகுதி மழையில் கரைந்து நீலக் கறையாகியிருந்தது. மிச்சம் படிக்க முடிந்தது. எழுதியவர் ஒரு பெண். புருஷன் இறந்துபோனார், காகிதமெல்லாம் கொடுத்தாகிவிட்டது, ஆபீசில் கண்ணாடி போட்ட குமாஸ்தா ஒருவர் 'அடுத்த வாரம் வா, அடுத்த வாரம் வா' என்றே எட்டு மாதமாக அலைக்கழிக்கிறார், அவரை நீதான் கேட்க வேண்டும் சாமி.

அப்போது என் பிரிவில் கண்ணாடி போட்டவர்கள் மூன்று பேர். நான் ஒருவன்.

"அடுத்தவங்க பிராதை ஏங்க படிக்கிறீங்க? அது சாமிக்கு எழுதினது" என்றாள் மனைவி. பதில் சொல்லவில்லை. சுருட்டி, அறுந்த நூலையே முடிச்சுப் போட்டுக் கட்டினேன். விரல் சரியாக நிற்கவில்லை. திங்கட்கிழமை முதல் வேலையாக மேஜைக்கடியில் இருந்த கட்டை அவிழ்த்தேன். விதவைகளின் கோப்புகள் மூன்று இருந்தன. ஒன்றில் ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. நான் லஞ்சம் வாங்கியவனல்ல, அதைச் சொல்லிக்கொள்வேன். ஆனால் சோம்பலுக்கும் காத்திருப்பவர்களிடம் அதே விலைதான். அந்த வாரமே மூன்றும் மேலே போயின. அவற்றில் அந்த அம்மாளுடையது இருந்ததா, இன்றுவரை தெரியாது.

பையனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "இவை கடிதங்கள். உனக்கு எழுதியவை அல்ல" என்று மட்டும் சொன்னேன். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. அவன் வேலை பார்ப்பது பிரேசிலில். அங்கே உம்பாண்டா என்று ஒரு வழிபாடு. மேளம் கொட்டி, வெள்ளை உடுத்தியவர்கள் மேல் ஆவி இறங்க, ஜனங்கள் ஒவ்வொருவராகப் போய்க் குறையைச் சொல்லி வாக்குக் கேட்பார்களாம். நம் சாமியாடி குறி சொல்வது போலத்தான். நண்பர்களோடு வேடிக்கை பார்க்கப் போனவனை, படம் எடுக்காதே, மற்றவர் பேசுவதற்குக் காது கொடுக்காதே என்று சொல்லித்தான் உட்கார வைத்தார்களாம். "அங்கே யாரோ சொன்னார்கள். இங்கே யாரும் சொல்லவில்லையே தாத்தா" என்றான். வாஸ்தவம்தான். சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

சற்று நேரம் கழித்து, தானும் ஒன்று எழுதலாமா என்றான். சிரிப்பு வந்தது. ஏனென்றால், பிராதுக்குக் கட்டணம் நம் ஊர் எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கில். சாமிக்குப் பயணப்படி என்று நாங்கள் ஆபீசில் கேலி பேசுவோம். பிரேசிலிலிருந்து மணவாளநல்லூருக்குக் கணக்குப் போட்டால்? கடைசியில் என் வீட்டு விலாசத்தையே கொடுத்தோம்.

மண்டபத் தூணோரம் உட்கார்ந்து பிரெஞ்சில் ஒரு பக்கம் நிறைய எழுதினான். நடுவில் இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்த வளாகத்திலேயே அதைப் படிக்கக்கூடியவன் அநேகமாக நான் ஒருவன்தான். மடிக்காமலே என்னிடம் நீட்டினான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தாளைச் சுருட்டி, நூல் சுற்றிக் கொடுத்தேன். இந்த முறை முடிச்சு ஒழுங்காக விழுந்தது.

ராஜினாமா கொடுக்க அவன்தான் வர வேண்டும். ஆட்டோவில் அதையும் சொல்லி வைத்தேன்.