தனிம அட்டவணையும் நானும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

வேதியியல் மாணவனை முதலில் மலைக்க வைப்பது தனிம வரிசை அட்டவணை. 118 கட்டங்கள்! அணு ஆரம், அயனியாக்கும் ஆற்றல், எலக்ட்ரான் கவர்தன்மை என ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. ஒவ்வொரு விதிக்கும் சில விலக்குகள். இத்தனையையும் உருப்போட்டுத்தான் தீர வேண்டுமா?

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். இரவில் ஒரு வரி விளங்காவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ள அண்ணனோ அக்காளோ இல்லை. "என்னப்பா படிக்கிறே?" என்று அப்பா கேட்பார், நான் சொல்வதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொள்வார். யாரையும் கேட்காமல் நானே விடை காணும் வழி ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. அதை இந்த அட்டவணையே எனக்குக் காட்டிற்று.

அடிப்படைக் காரணம் எளியது. நேர்மின் சுமை கொண்ட அணுக்கரு எலக்ட்ரான்களை இழுக்கிறது. உள்கூடுகளில் உள்ள எலக்ட்ரான்கள் குறுக்கே நின்று, வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை அந்த இழுப்பிலிருந்து திரைபோல் மறைக்கின்றன. இழுப்பு எவ்வளவு, மறைப்பு எவ்வளவு, தூரம் எவ்வளவு? இம்மூன்றையும் எடை போட்டால் பெரும்பாலான கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

மூன்றாம் தொடரை எடுத்துக்கொள்வோம். சோடியத்தின் கருவில் 11 புரோட்டான்கள், குளோரினில் 17. இழுப்பு கூடிக்கொண்டே போகிறது. புதிதாக வரும் எலக்ட்ரான்களோ அதே மூன்றாம் கூட்டில்தான் சேர்கின்றன. ஒரே கூட்டில் உள்ளவை ஒன்றையொன்று நன்றாக மறைப்பதில்லை. எனவே அணு சுருங்குகிறது. சோடியத்தின் ஆரம் 186 பிக்கோமீட்டர், குளோரினுக்கு 99. ஓர் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கச் சோடியத்திற்கு மோலுக்கு 496 கிலோஜூல் போதும். குளோரினுக்கு 1251 வேண்டும். எளிதில் கொடுக்கும் சோடியமும், இறுக்கிப் பிடிக்கும் குளோரினும் சேர்ந்தால் அயனிப் பிணைப்பு. நம் வீட்டு அடுக்களை உப்பு அதன் விளைவு. கார்பனையும் ஹைட்ரஜனையும்போல ஏறத்தாழச் சமபலம் உடையவை சேர்ந்தால் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன, அது சகப்பிணைப்பு.

சரி, விலக்குகள்? நைட்ரஜனின் அயனியாக்கும் ஆற்றல் 1402 கிலோஜூல். அடுத்துள்ள ஆக்ஸிஜனுக்கு அது கூட வேண்டும். மாறாக 1314 ஆகக் குறைகிறது. டவுன் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். இருக்கை காலியாக இருக்கும்வரை ஆளுக்கொன்றில் அமர்வோம். நைட்ரஜனின் மூன்று பி எலக்ட்ரான்களும் அப்படித்தான், மூன்று ஆர்பிட்டால்களில் தனித்தனியே இருக்கின்றன. ஆக்ஸிஜனின் நான்காவது எலக்ட்ரான் இன்னொன்றுடன் நெருக்கியடித்தே இருந்தாக வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று விலக்குவதால், ஒன்றை வெளியேற்றுவது எளிதாகிவிடுகிறது.

இதைவிட வியப்பானது சிர்கோனியத்தின் கதை. தொகுதியில் கீழே இறங்க இறங்க அணு பெரிதாகும் என்பது விதி. ஆனால் சிர்கோனியத்தின் ஆரம் 160 பிக்கோமீட்டர். அதற்கு நேர்கீழே, ஒரு கூடு அதிகமுள்ள ஹாஃப்னியத்திற்கோ 159! இடையில் லாந்தனைடுகள் வந்துவிடுகின்றன. அங்கே நிரம்பும் 4எஃப் எலக்ட்ரான்கள் கருவின் இழுப்பைச் சரியாக மறைப்பதில்லை. அதனால் அணு சுருங்கி, அண்ணன் தம்பி இருவரும் ஒரே உயரத்தில் நிற்கிறார்கள். 1789-இல் சிர்கோனியத்தை இனங்கண்டார் கிளாப்ராத். அதே கனிமத்தில் ஒளிந்திருந்த ஹாஃப்னியமோ 134 ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. 1923-இல்தான் கோபன்ஹேகனில் காஸ்டரும் ஹெவெசியும் எக்ஸ் கதிர் ஆய்வின் மூலம் அதைக் கண்டுபிடித்தார்கள்.

இது ஏட்டுச் செய்தி மட்டுமன்று. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் சிர்கான் கனிமம் கிடைக்கிறது. அணு உலையில் யுரேனிய எரிபொருளை அடைக்கும் குழாய்கள் சிர்கோனியக் கலவையால் ஆனவை. அது நியூட்ரான்களை மிகக் குறைவாகவே விழுங்கும். ஹாஃப்னியமோ அவற்றை ஏராளமாக விழுங்கும். ஆகவே இரண்டையும் பிரித்தே தீர வேண்டும். தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் உள்ள சிர்கோனியத் தொழிற்கூடத்தில் அந்தக் கடினமான பணி நடைபெறுகிறது. கருவும் எலக்ட்ரானும் நடத்தும் இழுபறி, நம் கடற்கரையில் ஒரு தொழிற்சாலையின் வேலையாகிவிட்டது!

விதியை மட்டும் மனப்பாடம் செய்தவனுக்கு ஒவ்வொரு விலக்கும் ஒரு சுமை. காரணத்தை அறிந்தவனுக்கோ விலக்கும் அதே காரணத்துக்கு இன்னொரு சாட்சி. கேட்க ஆளில்லாத வீட்டிலிருந்து வரும் என் போன்றோர்க்கு இந்த வேறுபாடு பெரிது. மனப்பாடம் தேர்வோடு மறந்துபோகும். காரணம் கடைசிவரை துணைக்கு வரும்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள்: வகுப்புத் தேர்வுகளில் 'வரையறு', 'பட்டியலிடு' என்பவற்றோடு 'ஏன்?' என்று ஒரு வினாவும் கேளுங்கள். நண்பர்களே, முதலில் கொஞ்சம் திணறுவோம். பிறகு நாமே விடை கண்டுபிடிப்போம்.