நாடாவில் தங்கிய குரல்கள்

பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எமது இலக்கியக் கூட்டங்களிற் பலமுறை எழுந்ததுண்டு. எழுதியவனுக்கா, இசையமைத்தவனுக்கா, பாடியவனுக்கா, முதல் போட்ட பட முதலாளிக்கா என்றெல்லாம் வாதம் நடக்கும். கேட்டவனைப் பற்றி மட்டும் எவரும் பேசுவதில்லை. ஆனால், கேட்டவனும் பாட்டின்மீது உரிமை கொண்டாடிய காலமொன்று எமது நாட்டில் இருந்தது. வானொலியில் மிதந்து வந்த பாட்டை ஒலிநாடாவிற் பிடித்து, கசெற்றின் உறையிலே தமது கையெழுத்தில் அதன் பெயரையும் எழுதி வைத்துக்கொண்ட சிறுவர்களின் காலம் அது. நாமும் அச்சிறுவர்களுள் அடங்குவோம். போன இளமையை எண்ணிப் பெருமூச்சு விடுவதற்காக நாம் அதனை இங்கு நினைவுகூரவில்லை. அந்தச் சிறிய பொழுதுபோக்கினுள்ளே எமது சமுதாயத்தின் பொருளாதாரமும் சாதியும் புலப்பெயர்வும் பொதிந்து கிடந்தன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதே எமது நோக்கமாகும்.

கொழும்பில் 1925 ஆம் ஆண்டு ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. எனினும், இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு பெரும் செல்வாக்கைப் பெற்றது 1950களிலேதான். 1952 இல் இந்திய மத்திய அமைச்சராயிருந்த பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாடல்களுக்கு இடமில்லாமற் செய்தார். சாஸ்திரிய சங்கீதத்தைக் காப்பதே அவரது எண்ணம். மக்களோ தமது காதுகளைக் கொழும்பின் பக்கம் திருப்பிக்கொண்டனர். பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டு ஒலித்தது. மேலிருந்து விதிக்கப்படும் இரசனை மக்களிடம் செல்லுபடியாவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1957 இல் 'விவித பாரதி' என்ற சேவையை ஆரம்பித்துச் சினிமாப் பாட்டுக்கு அவர்களே மீண்டும் கதவு திறக்க நேர்ந்தது.

ஆனால், வானொலிப் பாட்டு காற்றோடு போய்விடும் பாட்டு. மறுபடியும் கேட்க வேண்டுமாயின், நிலையத்துக்குத் தபாலட்டை எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்த நிலையை மாற்றிய கருவி எமது கிராமங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

ஒல்லாந்து நாட்டின் பிலிப்ஸ் நிறுவனம் 1963 ஆம் ஆண்டிலேயே கசெற்றை அறிமுகஞ் செய்துவிட்டது. எமது கைகளுக்கு அது எட்டப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1970 இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அதனால் எமது வடபகுதித் தோட்டக்காரனின் செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் என்றுமில்லாத விலை கிடைத்தது. கையிலே காசு இருந்தது. கடையிலே பொருள் இருக்கவில்லை. 1977 இல் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் வந்தது. யப்பானிய வானொலிப் பெட்டிகளும் ஒலிப்பதிவுக் கருவிகளும் கொழும்புக் கடைகளிலே குவிந்தன. அதே கப்பல்களில் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்திறங்கின. தோட்டக்காரனின் விளைபொருள் விலை விழுந்தது. இப்போது கடையிலே பொருள் இருந்தது. கையிலே காசு இருக்கவில்லை. பாட்டுப் பிடிக்கும் பெட்டியை எமக்குத் தந்த அதே கொள்கைதான் எமது தகப்பன்மாரின் தோட்டங்களை வாடவைத்தது என்பதை அன்று சிறுவர்களாயிருந்த நாம் அறிந்திருக்கவில்லை.

அந்தப் பெட்டி எமது ஊரில் முதன்முதலாக வந்திறங்கியது பெரிய கல்வீடு எதிலுமல்ல. ஊரின் ஒதுக்குப்புறத்தில், பரம்பரை பரம்பரையாகப் பிறர் தோட்டங்களிற் கூலிக்கு இறைத்தும் கொத்தியும் வந்த ஒரு குடும்பத்தின் ஓலைக் குடிசையிலேதான் அது வந்திறங்கியது. அக்குடும்பத்தின் மூத்த மகன், தாயின் தோட்டையும் காணித்துண்டையும் ஈடுவைத்துக் கட்டார் நாட்டுக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தான். 1980 ஆம் ஆண்டளவில் விடுமுறையில் வந்தபோது, வானொலியும் கசெற்றும் ஒன்றாயிணைந்த 'ரூ இன் வன்' ஒன்றைத் தோளிலே சுமந்து வந்தான். அவன் திரும்பிப் போனபின் பெட்டி தாயிடம் தங்கியது. அதை இயக்க அவளுக்குத் தெரியாது. எமக்குத் தெரியும், அல்லது, தெரியுமென்று நாம் அவளிடம் கூறினோம்.

இவ்வாறுதான் ஊரின் பல திசைச் சிறுவர்களும் அந்த முற்றத்திற் கூடினர். எமக்குள் சிலருக்கு அந்தப் படலையைத் தாண்டக் கூடாதென்று வீட்டிலே கட்டளை இருந்தது. தாண்டினாலும் அங்கே தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாதென்று இன்னொரு கட்டளை இருந்தது. மாலை வேளையில் பாட்டுத் தொடங்கியதும் முதலாவது கட்டளை பறந்தது. சித்திரை வெயிலின் தாகம் இரண்டாவதைக் கவனித்துக்கொண்டது.

பாட்டுப் பிடிப்பது ஒரு தொழிலைப் போன்றது. பதிவு விசையையும் ஓடவிடும் விசையையும் ஒன்றாக அழுத்தி, இடைநிறுத்தும் விசையையும் முன்கூட்டியே அமர்த்தி வைத்திருக்க வேண்டும். அறிவிப்பாளர் படத்தின் பெயரையும் பாடியவர்களின் பெயர்களையும் கூறி முடித்து மூச்சுவிடும் அந்தக் கணத்தில் இடைநிறுத்தத்தை விடுவிக்க வேண்டும். ஒரு கணம் பிந்தினால் முன்னிசை போய்விடும்; முந்தினால் அறிவிப்பாளரின் கடைசிச் சொல்லும் சேர்ந்துவிடும். அறுபது நிமிடக் கசெற்றின் ஒரு பக்கம் முப்பது நிமிடம்; அதில் ஏழு பாட்டுகள் அடங்கும். எந்த ஏழு என்பதைத் தீர்மானிக்க நாம் நடத்திய வாதங்கள் எந்தப் பொதுக்கூட்டத்துக்கும் குறைந்தவையல்ல. பெரும்பான்மையோரின் கைதூக்கலால் முடிவு செய்தோம். பெட்டிக்குச் சொந்தக்காரியான ஆச்சிக்கு மட்டும் இரண்டு வாக்குகள்.

பற்றறி பெரும் பிரச்சினை. மின்சாரம் இல்லாத வீடு. பற்றறி வாங்க ஐந்து சதமும் பத்துச் சதமுமாகச் சேர்ப்போம். பலமிழந்த பற்றறிகளை வெயிலிலே காயவைத்து மீண்டும் போடுவோம். பற்றறி தளர்ந்திருக்கையில் நாடா மெதுவாக ஓடும். அந்நிலையிற் பதிந்த பாட்டைப் புதிய பற்றறியுடன் கேட்டால், கம்பீரமான ஆண்குரலும் கீச்சென்று ஒலிக்கும். நாடா சிக்கினால் மூலைகள் கொண்ட பென்சிலைப் பற்சக்கரத்திற் கொடுத்துச் சுற்றி இழுப்போம். பௌதிகவியலின் முதற்பாடங்களை எமக்குக் கற்பித்தது அந்தப் பெட்டியே.

மொழியையும் அதுவே கற்பித்தது. எஸ். பி. மயில்வாகனன், ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் போன்றோரின் உச்சரிப்பிலிருந்து லகர ளகர ழகர வேறுபாட்டைச் செவியாற் கற்றவர் பல்லாயிரவர். பாட்டை எழுதியவரின் பெயரைக் கூறுவதும் அன்றைய ஒலிபரப்பு மரபிலே இருந்தது. அப்பெயர்களையெல்லாம் நாம் ஓர் அப்பியாசக் கொப்பியில் வரிசையாக எழுதி வைத்தோம். பாட்டு வானத்திலிருந்து விழுவதில்லை, அதன் பின்னால் உழைப்பாளிகள் பலர் இருக்கிறார்கள் என்ற எண்ணம் அந்தக் கொப்பியிலிருந்தே எமக்குப் பிறந்தது. அப்பட்டியலில் எமது நாட்டுப் பாடகர்களின் தொகை சிறிது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பொப்பிசைப் பாடல்களும் உள்ளூர் மெல்லிசைப் பாடல்களும் இடைக்கிடையே வந்தன. அவற்றிலே எமது ஊர்ப் பேச்சும் எமது ஊர்ச் சிரிப்பும் கேட்டமையால், வாக்கெடுப்பின்றியே அவை இடம்பெற்றன.

ஒருநாள் ஆச்சி எம்மிடம், “தம்பியவை, இதிலை என்ரை குரலும் பிடிபடுமோ?” என்று கேட்டாள். அவள் எழுத்தறியாதவள். மகனுக்குக் கடிதம் எழுத இன்னொருவரின் கையை நம்பியிருந்தாள். பிறர் கையால் எழுதும்போது சொல்லக்கூடியவை சில, சொல்லமுடியாதவை பல. எம்மிடம் வெற்றுக் கசெற் இருக்கவில்லை. ஆகவே, நாம் பிடித்திருந்த பாட்டுகளுள் நான்கை அழித்துத்தான் அவளது குரலுக்கு இடம் கொடுத்தோம்.

அவள் பெட்டியின் முன் நிலத்தில் அமர்ந்து பேசினாள். ஆடு இரண்டு குட்டி போட்டதைக் கூறினாள். கூரை வேய்ந்ததைக் கூறினாள். ஈடுவைத்த காணிக்கு இன்னும் எவ்வளவு கட்ட வேண்டுமென்று கூறினாள். “வெயிலுக்கை நிண்டு வேலை செய்யிறியோ மோனை?” என்று கேட்டுவிட்டு நிறுத்தினாள். மகன் பதில் சொல்வதற்கு வேண்டிய நேரம்வரை மௌனமாயிருந்தாள். பின்பு, பதிலைக் கேட்டவள்போல, “அது சரி” என்று தலையசைத்துத் தொடர்ந்தாள். அந்த மௌனங்களின்போதும் நாடா ஓடிக்கொண்டேயிருந்தது. எமது வாழ்நாளில் நாம் செய்த ஒலிப்பதிவுகளுள் அதனினும் பெறுமதியானது வேறில்லை. அந்தக் கசெற் கட்டாருக்குப் போயிற்று. சில மாதங்களின் பின், அதன் மறுபக்கத்தில் மகனின் குரலைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தது.

கசெற் சாதியை ஒழித்துவிட்டது என்று கூறுவோமாயின் அது பொய்யாகும். பாட்டு முடிந்ததும் படலைகள் மூடப்பட்டன. அந்த வீட்டுப் பெட்டியை விரும்பிய ஊர், அந்த வீட்டு மனிதரைத் தனது விருந்திலே சமமாக இருத்த விரும்பவில்லை. தேநீர்க்கடைகளையும் கோயில்களையும் திறக்கவைத்தவை 1960களின் பிற்பகுதியில் நடந்த போராட்டங்களே. எந்தப் பெட்டியும் அல்ல. எனினும், அப்போராட்டங்களின் நியாயத்தை நாம் நூல்களிற் படிக்குமுன்பே அந்த முற்றம் எமக்கு உணர்த்திவிட்டது.

பின்னர் நகரங்களிலே 'றெக்கோடிங் பார்'கள் பெருகின. விரும்பிய பாட்டுகளின் பட்டியலை எழுதிக் கொடுத்தால் இரண்டொரு நாளிற் பதிந்து தருவார்கள். காத்திருப்பும் வாக்கெடுப்பும் ஒழிந்தன. காசுள்ளவன் கேட்டதைப் பெற்றான். 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றறியும் அகப்பட்டது. எமக்குப் பின்வந்த சிறுவர்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னில் செய்தியும் பாட்டும் கேட்டனர். சுற்றும் கை ஓய்ந்தால் பாட்டும் ஓயும். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசலை விட்டு வெளியேறியபோது, சட்டி பானையை எடுத்தவர் உளர். குழந்தையையும் முதியோரையும் சுமந்தவர் உளர். கசெற்றுகளை எடுத்தவர் மிகச் சிலரே.

இன்று எந்தச் சினிமாப் பாட்டும் கைத்தொலைபேசியிற் கிடைக்கிறது. ஆதலால் பழைய கசெற்றுகள் குப்பைக்குப் போகின்றன. ஆனால், அக்கசெற்றுகளில் இருப்பவை சினிமாப் பாட்டுகள் மாத்திரமல்ல. பாட்டுக்கு முன்னே தவறிப் பதிந்த அறிவிப்பாளரின் ஒரு சொல், ஒருமுறை மட்டும் ஒலிபரப்பாகி மறைந்த உள்ளூர் மெல்லிசை, பின்னணியிற் கேட்கும் தாய்மாரின் பேச்சு, வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பிய குரற்கடிதங்கள் ஆகியவை வேறெங்கும் கிடையா. எழுத்தறியாத மக்களின் வரலாறு நூலகங்களிற் குறைவு. அவர்கள் தமது குரலைப் பதிந்துவைத்த இடம் இதுவே. நாடாவின்மேற் பூசிய இரும்பு ஒட்சைட்டு ஈரத்திலும் வெப்பத்திலும் உதிர்கிறது. அதற்கு நீண்ட ஆயுள் இல்லை.

ஆசிரியர்களே, மாணவர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் அயலார் பெட்டகத்திலும் கிடக்கும் கசெற்றுகளைத் தேடுங்கள். ஓடக்கூடிய கருவி ஒன்றையேனும் ஒவ்வொரு பாடசாலையிலும் பழுதுபார்த்து வையுங்கள். குரலுக்குரியவர்களின் சம்மதத்தைப் பெற்று, கேட்டதைக் கணினியிற் பதிந்து, பேசியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதையும் எழுதி வையுங்கள். பாட்டு வரும் இடங்களை வேண்டுமானால் வேகமாகத் தாண்டிச் செல்லலாம். பாட்டுகளுக்கு இடையில் வரும் பேச்சை மட்டும் பொறுமையோடு கேளுங்கள்.