நம்மை நோக்கி எழுந்த கேள்வி

தோழர்களே! "ஏன், எதற்கு என்று கேள்" என ஊருக்கெல்லாம் உரைக்கும் நாம், அக்கேள்வி நம்மை நோக்கி எழும்போது முகம் சுளிக்கலாமா? சுளித்தவன் நான். மறைப்பானேன்?

வேலம்பாளையத்தில், பனியன் கம்பெனித் தொழிலாளருக்கென ஒரு படிப்பகமும் இரவு வகுப்பும் நடத்தி வந்தோம். ஏடு இருந்தது, விளக்கு இருந்தது, கற்பிக்க ஆள் இருந்தது. கற்க வருவோர்தாம் இல்லை! "உழைப்பாளிக்குப் படிப்பில் நாட்டமில்லை" என்று பழியை அவர்கள் மீதே சுமத்தினேன்.

அவ்வேளையில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் கல்லூரி மாணவர் சிலர் வந்தனர். 1969இல், காந்தியார் நூற்றாண்டையொட்டி 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட திட்டம் அது. ஈராண்டில் 240 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும். "தோரணம் கட்டவும் துண்டறிக்கை கொடுக்கவும் ஆள் கிடைத்தது" என்றே நான் மகிழ்ந்தேன்.

ஒரு மாணவி கேட்டார்: "ஐயா, வகுப்பு மாலை ஏழு மணிக்கு. ஒன்றரை ஷிப்ட் முடிவதோ எட்டரைக்கு. அவர்கள் எப்படி வருவார்கள்?"

ஷிப்ட் நேரம் நான் அறியாததா? அறிந்ததே. ஆனால் இரண்டையும் இணைத்து எண்ணிப் பார்த்ததில்லை. வாயடைத்து நின்றேன்.

மாணவர் வீடு வீடாகச் சென்றனர். யாருக்கு எப்போது ஓய்வு, எதைக் கற்க விருப்பம் என்று எழுதி வந்தனர். பீஸ் ரேட் கூலியைத் தாமே கணக்கிட வேண்டும், வைப்புநிதிச் சீட்டைப் படித்துணர வேண்டும் என்பதே பலரின் வேட்கை. வகுப்பை ஞாயிறு பிற்பகலுக்கு மாற்றினோம், பாடத்தையும் மாற்றினோம். வெறிச்சோடிய பலகைகளில் ஆட்கள் அமர்ந்தனர்.

அமைப்புகள் பெறும் பயன் எது? பத்துக் கைகள் கிடைப்பது சிறு பயன். பழகிப்போன நமக்குத் தெரியாததைக் காணும் பத்துக் கண்கள் கிடைப்பதே பெரும் பயன். தெருவிளக்குக்காக மாநகராட்சிக்கு மனு எழுதியபோதும், எங்கள் வாய்ச்சொல்லுக்கு வலிவூட்டியது அவர்கள் தொகுத்த கணக்கேடே.

ஒன்று மட்டும் சொல்வேன். தேர்வு வந்தால் மாணவர் போய்விடுவர். ஆகவே திட்டமான பணி கொடுங்கள். பொறுப்பாளர் ஒருவரை உடனிருத்துங்கள். அடுத்த அணிக்காகக் குறிப்பேட்டைக் காத்து வையுங்கள். இன்றேல், அவர்களுக்கு எஞ்சுவது சான்றிதழ். நமக்கு எஞ்சுவது கிழிந்த தோரணம்!

கேட்கக் கற்றுத் தந்தால் போதாது, தோழர்களே. கேட்கப்படவும் நாம் கற்க வேண்டும்.