சீருடை அணியப்போகும் தம்பிக்கு

எங்கள் வீட்டில் சீருடை என்றதும் அம்மம்மாவின் முகம் இருண்டுவிடும். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில், இலட்சக்கணக்கானோருடன் வலிகாமத்தை விட்டுக் கால்நடையாகப் புறப்பட்டவர் அவர். அத்தகையவரின் பேரன் சிங்கப்பூரில் இராணுவப் பயிற்சிக்குச் செல்லவேண்டும் என்ற செய்தி அவரைக் கலங்கவைத்ததில் வியப்பில்லை. அந்நாட்டில் 1967 முதல் தேசிய சேவை நடைமுறையில் உள்ளது. பதினெட்டு வயதளவில் ஆண்கள் அழைக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் பணியாற்றுகின்றனர். பெரியம்மாவின் மூத்த மகன் அதனை நிறைவேற்றிவிட்டார். இப்பொழுது இளையவனின் முறை. அண்ணா விடுமுறையில் வந்தபோது கூறியவற்றை அவனுக்காக இங்கு தொகுக்கின்றேன்.

தம்பி, தெக்கோங் தீவில் சேர்ந்ததும் உன் தலைமுடி ஒட்ட வெட்டப்படும். அதற்காக வருந்தாதே, ஆயத்தமின்றிச் செல்வதற்கே வருந்தவேண்டும். 2.4 கிலோமீற்றர் ஓட்டத்தால் அங்கு உன் உடல் அளக்கப்படும். ஆதலால் சில மாதங்களுக்கு முன்பே ஓடத் தொடங்கு. தாகம் எடுக்குமுன் நீர் அருந்து. அவ்வெப்பத்தில் மயங்கி விழும்வரை பொறுத்திருப்பது வீரமன்று. காலுறை ஈரமானால் உடனே மாற்று. பயிற்சியின் முடிவில் வரும் 24 கிலோமீற்றர் நடையில் உன்னைத் தாங்குவன உன் பாதங்களே. நோயை மறைக்காதே. அதிகாரியின் அதட்டல் உனக்கென்று தனியாக வருவதன்று. அது யாவர்க்கும் பொது. உன்னுடன் இணைக்கப்படும் தோழன் சீனனோ மலாய்க்காரனோ, அவனுடைய பொதியும் கட்டப்பட்டுவிட்டதா என்று பார்த்த பின்னரே படுக்கைக்குச் செல்.

வெளிக்கள முகாமில் ஒருவேளை வீட்டுக் கடிதங்கள் உங்களுக்கு வழங்கப்படலாம். அண்ணாவின் முறையில் அம்மம்மா எழுத மறுத்துவிட்டார். பெரியம்மாவின் கடிதத்தை இருமுறை புரட்டி, அதனுள் அம்மம்மாவின் வரி ஏதும் உண்டா என்று தேடியதாக அண்ணா கூறினார். அதைக் கேட்டிருந்த அம்மம்மா அன்று ஒன்றும் பேசவில்லை.

சென்ற வாரம் என்னை அழைத்துத் தாள் ஒன்றை எடுக்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியவை மூன்றே வரிகள். நேரத்துக்குச் சாப்பிடு என்பது முதலாவது. தாய்க்கு அடிக்கடி தொலைபேசி எடு என்பது இரண்டாவது. மூன்றாவதற்கு முன் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பின்னர், "எந்த வாசலிலை உன்னைக் காவலுக்கு விட்டாலும், வயது போனவையை வெயிலிலை நிக்கவிடாதை, ராசா" என்றார்.

நான் தொகுத்தவற்றுள் எதனை மறந்தாலும், தம்பி, அந்த மூன்றாவது வரியை மறவாதே.